அக்கா யாரையும் திட்டியதில்லை

எங்கள் கபடி டீமுக்கு ஃபிட்னஸ் பயிற்சி கொடுக்க வந்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியாமல் இல்லை. அவர் இன்னும் இதே சென்னையில்தான் இருக்கிறார். அவரை நம்பித் தினமும் விடியற்காலையில் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தக் குரல்தான். மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள். எங்கள் கபடி மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தாரென்றால் அடுத்து கெட்ட வார்த்தைதான் வரும். அக்கா கத்த மாட்டார். பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘மா’ சேர்த்துக்கொள்வார். “இன்னும் பத்து மா.” “நெஞ்சு தரையில படல மா, அது சேராது.” “உக்காரு மா.”

மாஸ்டரின் கெட்ட வார்த்தைக்கெல்லாம் நாங்கள் சிரிப்போம். இந்த “உக்காரு மா”வுக்குத்தான் பயப்படுவோம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். குட்டையான உருவம், ஒட்ட வெட்டிய முடி, இடது முட்டியில் நீளமாக ஒரு தையல் தழும்பு. வீடு வடபழனியில். அவருடைய அப்பா சினிமா சண்டைக் காட்சிகளில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுகிறவர், விழுந்து விழுந்தே இடுப்பு போனவர் என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. நாங்களாகக் கேட்டால், “கயிறு எடுத்துட்டு வா மா” என்பார்.

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. மந்தைவெளியில் பறக்கும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சி மைதானம். காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த வருஷம் ஒரு அரசு நிறுவனம் பெண்கள் கபடி அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. எடுத்தால் வேலையும் உண்டு, நிரந்தர வேலை. நான் மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். ஸ்டெல்லா பட்டினப்பாக்கம். அவள் அம்மா கடலோரச் சாலையில் மீன் விற்றாள். பாக்கிப் பேரும் ஏறக்குறைய இப்படித்தான். விளையாட்டு என்று வாயால் சொன்னோம். எல்லோர் மனதிலும் இருந்தது அந்த வேலைதான்.

மாஸ்டர் பிடி சொல்லிக்கொடுப்பார், எதிரணிக்குள் பாடிப் போகிற ரைடு சொல்லிக்கொடுப்பார். மூச்சும் கால் பலமும் அக்காவின் பொறுப்பு. முதல் நாளே எங்களை வட்டமாக நிற்கவைத்துச் சொன்னார்: “மேட்ச்ல யாரும் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடுறதில்ல மா. முப்பது செகண்ட் உசுரக் குடுத்து ஆடணும். நிக்கணும். மூச்சு திரும்புறதுக்குள்ள மறுபடி ஆடணும். பீச்சுல ஜாகிங் போனா ஜாகிங்தான் வரும், கபடி வராது.”

அவர் வைத்திருந்த சாமான் கொஞ்சம்தான். இரண்டு பழைய லாரி டயர், மணல் மூட்டைகள், கனமான கயிறு, ஒரு மரப்பெட்டி. டயரைப் புரட்ட வேண்டும். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பெட்டி மேல் குதிக்க வேண்டும். கடைசியில் பர்ப்பி. நின்ற இடத்தில் குனிந்து, நெஞ்சு தரையில் படப் படுத்து, எழுந்து, கையைத் தூக்கிக் குதிப்பதற்குப் பெயர் பர்ப்பி. நாற்பது செகண்ட் வேலை, இருபது செகண்ட் ஓய்வு. இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பர்ப்பி மட்டும் எண்ணிக்கைக் கணக்கு, ஒவ்வொருத்தியும் எத்தனை செகண்டில் முடிக்கிறாள் என்று அக்கா டைம் குறிப்பார். போதாததற்கு, பர்ப்பி போடும்போது இடைவிடாமல் “கபடி கபடி” சொல்ல வேண்டும். ரைடு போகிறவளுக்கு இந்தப் பாட்டு அறுந்தால் அவுட் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள்தான். நடுவில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. “இத தெனம் பண்ணா உடம்பு தேறாது, உடையும்” என்று அடிக்கடி சொல்வார்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் நான்கு நிமிடம் தாமதமாகப் போனேன். தெருவில் தண்ணீர் லாரி வந்திருந்தது, இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு ஓடி வந்தேன். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா காரணம் கேட்கவில்லை. சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, வரிசைக்கு எதிரே போட்டு, கையால் தூசி தட்டினார்.

“உக்காரு மா.”

“சாரிக்கா. எவ்ளோ சொன்னாலும் பண்றேன்க்கா.”

“நீ பண்ண வேணாம். உன்னோடத இவங்க பண்ணுவாங்க. நீ பாரு.”

பதினோரு பேரும் எனக்காக ஆளுக்கு நாற்பது பர்ப்பி போட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா பின்னால் வந்து நின்று, காதுக்குப் பக்கத்தில், “நிமிரு மா. அவங்க மூஞ்சப் பாரு” என்றார். பார்த்தேன். முப்பதைத் தாண்டியதும் பேச்சியால் முட்டியை ஊன்றித்தான் எழ முடிந்தது. அவள் தரையிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். கைகால் அசையாமல் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்வை வழிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் யாரும் என்னிடம் பேசவில்லை. ஸ்டெல்லா மட்டும் தன் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னா மச்சி, மூஞ்சி இப்டி கீது? நாப்பதுதான போட்டோம். வுடு. இந்தா, குடி.”

எங்கள் சிநேகம் அங்கே ஆரம்பித்தது.

அக்கா கல் நெஞ்சக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. எங்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை முதலில் தானே எங்கள் முன்னால் செய்து காட்டுவார், தழும்பு விழுந்த முட்டியோடு. எங்கள் ஒவ்வொருவரின் மாதவிலக்கு தேதியும் அவருக்குத் தெரியும். அன்றைக்கு மூட்டையில் பாதி மணலைக் கொட்டிவிட்டுத் தருவார். யார் ராத்திரி சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவித்த முட்டையை உரித்து வாய்க்கு நேராக நீட்டுவார்.

பேச்சி கடையில் ஒன்பதரைக்கு நிற்க வேண்டும். காலைப் பயிற்சி முடித்து, குளித்து, தி.நகர் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும். ஒரு நாள் அக்கா அந்தக் கடைக்கே போனார். முதலாளி உள்ளே வேலையாக இருந்தார். அக்கா புடவைப் பகுதியில் இரண்டு மணி நேரம் ஒன்றும் வாங்காமல் நின்றார். கடைசியில் முதலாளி வெளியே வந்து கேட்டுவிட்டு, பேச்சிக்கு மட்டும் அரை மணி நேரம் தளர்த்திக் கொடுத்தார். பேச்சி அழுதுவிட்டாள். மறுநாள் காலையில் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அரை மணி கிடைச்சிருக்குல்ல மா? அந்த அரை மணியும் டயர் புரட்டு” என்றார்.

இரண்டும் ஒரே ஆள்தான். அவர் கொடுப்பது எது, எடுப்பது எது என்று எங்களுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் நாற்காலியில் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒரு சுற்றில் கடைசியாக முடிப்பவளோ, பாட்டு அறுந்தவளோ அடுத்த சுற்றில் உட்கார வேண்டும். அவளுடைய பங்கை மற்றவர்கள் சேர்த்துச் செய்ய வேண்டும். உட்காரக் கூடாது என்ற பயத்திலேயே ஒவ்வொருவராக வேகம் கூடினோம். மூன்றாவது மாதத்தில் அதில் உட்கார ஸ்டெல்லா ஒருத்திதான் மிச்சம்.

ஸ்டெல்லா கனத்த உடம்புக்காரி. தடுப்பு வரிசையின் ஓரத்தில், கார்னரில் நின்றாள் என்றால் எங்களில் அவளைப் போல ஆள் கிடையாது. ரைடு வருகிறவளின் கணுக்காலை ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் அந்தக் கால் அவளுடையது. சின்ன வயதிலிருந்து கரையில் வலை இழுத்த கை. ஆனால் பெட்டி மேல் குதிக்கவும் பர்ப்பி போடவும் அவளால் ஆகாது. பத்தாவது பர்ப்பியில் “கபடி” என்பது வெறும் காற்றாக வரும். அக்கா நாற்காலியின் தூசியைத் தட்டுவார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ஸ்டெல்லா பொண்ண தெனம் உக்கார வச்சா அவ எப்டிமா தேறுவா?” என்றார் மாஸ்டர்.

“அவ தேற மாட்டா சார். உடம்பு வாகு அப்படி. புடி நல்லா இருக்கு, அது போதும் அவளுக்கு.”

“அப்புறம் இன்னாத்துக்கு உக்கார வைக்கிற?”

“மத்த பதினோரு பேரும் அவளாலதான தேறுறாங்க. கோவத்துல பண்றது வேற சார். நாப்பது போடுறவ அம்பது போடுறா. போன மாச டைமையும் இந்த மாச டைமையும் வச்சுப் பாருங்க.”

“பாவம்மா அது” என்றார் மாஸ்டர்.

“ஆமா சார். பாவம்தான்.”

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பாவம் என்றுதான் சொன்னார். நான் குழாயை மூடாமல் நின்றேன். இதை ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘நீ என்ன செஞ்சாலும் அக்கா உன்ன உக்காரத்தான் வைப்பாங்க, வெக்கப்படாம உக்காரு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. என்னுடைய டைமும் குறைந்துகொண்டே வந்தது. டீமில் நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன்.

அக்காவின் கணக்கு தப்பவில்லை. கோபம் எங்களுக்குள் நன்றாக வேலை செய்தது. ஸ்டெல்லாவின் பாட்டிலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பயிற்சி ஆட்டத்தில் அவள் கணுக்காலைப் பிடித்து விழுந்து கிடப்பாள், சேர்ந்து மடக்க வேண்டியவர்கள் ஒரு விநாடி கழித்தே போவோம். அந்த ஒரு விநாடியில் ரைடர் அவள் தோளில் மிதித்துத் தாண்டிப் போவாள். அப்புறம் ஒரு நாள், பர்ப்பி போடும்போது பேச்சி “கபடி கபடி” என்பதை விட்டுவிட்டு “ஸ்டெல்லா ஸ்டெல்லா” என்று பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவளும் தொற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பதினோரு பேரும் அதே பாட்டு. தரையில் விழுந்து எழுந்து, மூச்சு முட்ட, நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொன்னேன். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், “எல்லாரும் மூணு செகண்ட் கம்மி மா. நல்லாருக்கு” என்றார்.

ஸ்டெல்லா எழுந்து நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அணித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பேச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி ரேவதி, அவ சேக்காளிதான நீ? நீயே போய்ச் சொல்லிரு. அவ குத்தவச்சுப் பாத்துட்டு இருப்பா, நாங்க சாவணுமா? வரவேண்டாம்னு சொல்லு.”

நான் போனேன். மத்தியானம் இரண்டு மணி. ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் கடையில் வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா சட்டியிலிருந்து சோறும் வறுத்த நெத்திலியும் எடுத்து வைத்தாள். “துன்னு மா மொதல்ல. ஓடி ஓடி எலும்பாயி கீற” என்றாள். சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன்.

“உன்ன வர வேணாம்னு சொல்றாங்கடி.”

“யாரு? அக்காவா?”

“இல்ல. எல்லாரும்.”

அவள் காலால் மணலைக் கிளறினாள். “நீ இன்னா சொல்ற?”

அந்த இடத்தில் நான் ‘வராதே’ என்று சொல்லியிருந்தாலாவது அவள் தப்பியிருப்பாள். எனக்கு அவளிடம் நல்ல பெயரும் வேண்டியிருந்தது. நெத்திலி வாசம் இன்னும் கையில் இருந்தது.

“இப்ப பண்றத ரெண்டு தடவ பண்ணு. காலையில அங்க, மதியானம் இங்க மணல்ல. லீவு வுடாத. பத்து நாளுல தேறிடுவ.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“டைமெல்லாம் எழுதி அனுப்பு மச்சி. நான் பண்றேன். அக்காகிட்ட சொல்லிக்காத, திட்டும்.”

“அக்கா எங்க திட்டுவாங்க” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து போனில் ஒவ்வொன்றாக டைப் செய்து அனுப்பினேன். டயருக்குப் பதிலாகப் பழைய மீன் பெட்டியில் ஈர மணல் நிரப்பி இழுக்கலாம் என்று ஒரு யோசனையும் சேர்த்து அனுப்பினேன்.

ஏப்ரல் மாத வெயிலில், இரண்டு மணிக்கு, கடல் மணலில் அவள் தினமும் அதைச் செய்தாள். மைதானத்தில் அவள் வேகம் கூடவில்லை, குறைந்தது. உட்கார்ந்தாள். பதினோரு பேரும் அவள் பெயரைப் பாடினோம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஆட்டோவிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். தொடை இரண்டும் கல்லாட்டம் கீது என்றாள். மைதானத்துக் கழிப்பறைக்குப் போனவள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“ரேவதி, இங்க வாயேன். இத்தப் பாரு.”

பார்த்தேன். சிறுநீர் பால் கலக்காத டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. நான் வெளியே ஓடிவந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா ஒரே ஒரு பார்வை பார்த்தார். அவர் முகம் மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “எத்தனை நாளா? எவ்ளோ பண்ண?” என்றார். ‘மா’ வரவில்லை. ஸ்டெல்லா பதில் சொல்வதற்குள் அவளை மணல் மூட்டையைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டார். அவரைவிட அரை மடங்கு கனம் கூடியவளைச் சுமந்துகொண்டு தெருமுனை வரை ஓடினார். வந்த ஆட்டோவை நடுரோட்டில் மறித்தார். ஸ்டெல்லாவின் பையும் போனும் என் கையில் இருந்தன. அக்கா அவற்றை வாங்கிக்கொண்டு ஏறினார். எனக்கு இடம் இருந்தது. நான் ஏறவில்லை.

தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டயாலிசிஸ் செய்தார்கள். அக்கா பகல் முழுக்க அங்கேதான் இருந்தாராம். ஆனால் அடுத்த பயிற்சி நாள் ஐந்தரைக்கு மைதானத்தில் நின்றார். கண் வீங்கியிருந்தது. நாற்காலியைக் கொண்டுவந்து வரிசைக்கு எதிரே போட்டார்.

“ஸ்டெல்லா வரல. அவளோடத பண்ணுங்க.”

காலி நாற்காலியைப் பார்த்து ஆளுக்கு நாற்பது போட்டோம். அன்று யாரும் பாடவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் தரையில் கிடந்தபோது அவராகச் சொன்னார்: “ரெண்டு தடவ மெஷின்ல போட்டிருக்காங்க. இன்னும் போடணுமாம்.” பிறகு மூட்டைகளை அடுக்கப் போனார்.

நான்காம் நாள் காலையில் ஸ்டெல்லாவின் அம்மா மைதானத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். செருப்பு இல்லை. நேராக அக்காவிடம் போய் நின்றாள்.

“யாரு சொன்னது எம் பொண்ண ரெண்டு வேளையும் பண்ண சொல்லி? டாக்டரு கேக்குறாரு. அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா. யாரும்மா சொன்னது?”

அக்கா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். வரிசையில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

“ரேவதி, நீ சொல்லு. எங்க வூட்ல துன்னவ நீ. உனுக்குத் தெரியாம அவ ஒண்ணும் பண்ண மாட்டா. இந்தம்மாதான சொல்லிச்சு?”

அக்கா என்னைப் பார்த்தார். பேச்சி பார்த்தாள், மாஸ்டர் பார்த்தார். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லாமல் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

ஸ்டெல்லாவின் அம்மா அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். திரும்பக் கையை ஓங்கி இன்னொரு அறை. மீன் வெட்டுகிற கை. அக்காவின் கழுத்தில் தொங்கிய விசில் கயிறு அறுந்து விழுந்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அடி விழும்போதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஓடிவந்து விலக்கினார். அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் பதினோரு பேரும் வரிசை கலையாமல் நின்றோம். கலையச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டீமை நடத்திய கிளப்காரர்கள் மறுநாளே அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ‘நான் சொல்லவில்லை’ என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். போவதற்கு முன் தேர்வுக்குக் கொடுக்க வேண்டிய எங்கள் ஒவ்வொருவரின் ஃபிட்னஸ் படிவத்தையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு மாஸ்டரிடம் கொடுத்திருந்தார். என்னுடையதில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார்.

தேர்வில் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுவார்கள். இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்றபோது எங்களுக்கு மூச்சே வாங்கவில்லை. பேச்சியை எடுத்தார்கள். என்னை எடுத்தார்கள். கார்னருக்கு வேறு ஊர்ப் பெண் ஒருத்தியை எடுத்தார்கள். ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனி கனமாக ஒன்றும் தூக்கக் கூடாது, விளையாடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம். நான் பார்க்கப் போகவில்லை. முதலில் வேலையில் சேரும் அவசரம். பிறகு, இத்தனை நாள் போகாமல் இப்போது எப்படிப் போவது என்ற கூச்சம். பிறகு பழகிவிட்டது.

எட்டு வருஷம் கழித்து, போன வருஷம், அடையாறில் அக்காவைப் பார்த்தேன். ஆபீஸ் வேலையாக ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தேன். முதல் மாடியில் ஜிம். கண்ணாடிக்குப் பின்னால் ஐ.டி. கம்பெனி ஆட்கள் பெட்டி மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஒட்ட வெட்டிய நரைமுடியோடு அக்கா. என்னைப் பார்த்ததும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எப்படி மா இருக்க? வேலையெல்லாம் நல்லா போகுதா?”

“போகுதுக்கா. நீங்க?”

“பாக்குறியே.”

அவரைப் பார்த்தால் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“ஸ்டெல்லா நல்லா இருக்கா மா. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போவேன். மீன் அவகிட்டதான் வாங்குறது. அந்தம்மாவுக்கு கண்ணு சரியா தெரியல, கடைய இவதான் பாத்துக்கிறா. கூடை தூக்கி வைக்க மட்டும் ஒரு ஆள் வச்சிருக்கா.”

“என்னைப் பத்திக் கேப்பாளாக்கா?”

“இல்ல மா.”

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அவள ரெண்டு வேள பண்ணச் சொன்னது நான்தான்.”

“தெரியும். அன்னைக்கு ஆட்டோல அவ போன் எங்கிட்டதான இருந்துச்சு? டாக்டர் எவ்ளோ பண்ணான்னு கேட்டாங்க, எடுத்துப் பாத்தேன். டைமெல்லாம் கரெக்டா எழுதியிருந்த. மீன் பெட்டியில மணல் ரொப்பி இழுக்கச் சொன்ன பாரு, அது எனக்கே தோணல.”

“அப்ப ஏன்க்கா அன்னைக்கு சொல்லல? என் கண்ணு முன்னாடிதான அடிச்சாங்க உங்கள.”

அவர் என் தோளில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டார். குரல் பழைய மாதிரியே இருந்தது, பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கும் குரல்.

“சொல்லியிருந்தா அந்தம்மா உன்ன ரெண்டு அறை விட்டிருப்பாங்க. நீ அவங்க கால்ல விழுந்து அழுதிருப்ப. ஸ்டெல்லாவும் வுடு மச்சின்னு சொல்லியிருப்பா. அன்னைக்கே முடிஞ்சு போயிருக்கும் மா.”

உள்ளே ஒருவர் பெட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்து, “ரெஸ்ட் எடுத்துக்கோங்க சார், ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். மயிலாப்பூர் வீட்டுக்குப் போக முதலில் வந்தது பட்டினப்பாக்கம் வழியாகப் போகிற பஸ். உட்கார இடமும் இருந்தது. அதை விட்டுவிட்டு, மந்தைவெளி வழியாகப் போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.